படுக்கையறை ஏசியைக் கொன்றது யார்?

"ஐயோ... செத்துப் போச்சுங்க..."

படுக்கையறையிலிருந்து வந்த அலறலில், ஹால் சோபாவில் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார்.

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம்!

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் அவருக்கு ஒரு கொலை கூடக் கிடைக்கவில்லை. கை அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது பாருங்கள், வீடு தேடியே வந்துவிட்டது!

ஓடினார்.

கட்டில் பக்கத்தில் மனைவி. கையில் ரிமோட். முகமெல்லாம் வியர்வை.

"பாடி எங்கே?"

அவள் சுவரைக் காட்டினாள்.

ஏசி...

"பதினெட்டுல வெச்சிருக்கேன். அனல் காத்து வருது."

ஏமாற்றம்தான். ஆனாலும் பழக்க தோஷம் விடுமா?

"எதையும் தொடாதே. கடைசியா உயிரோட பாத்தது யாரு?"

"நான்தான். மூணு நாளாவே முனகிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு கூலிங் மொத்தமா நின்னுடுச்சு."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்தாள்.

"இதுல முப்பதாயிரம் இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை மலைக்கு டூர் போறோம். கல்யாணமான இருபத்தொம்பது வருஷத்துல ஏழு தடவை கிளம்பி, ஏழு தடவையும் கேஸு கேஸுன்னு கேன்சல் பண்ணினீங்க. இந்தத் தடவை ஏசி ரிப்பேர்னு இந்தக் கவர்ல கை வெச்சீங்க..."

"வெச்சா?"

"நான் தனியாப் போவேன். எப்ப திரும்பி வருவேன்னு சொல்ல மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது!

அரை மணி நேரத்தில் முதல் மெக்கானிக் வந்தான். கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துக் கூப்பிட்ட ஆள். அறைக்குள் வந்த பிறகும் கூலிங்கிளாஸைக் கழற்றவில்லை. ஆகவே நாமும் அவனைக் கூலிங்கிளாஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

ரிமோட்டை இரண்டு தடவை அமுக்கினான். ஏசிக்கு எதிரே கையை நீட்டினான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"கம்ப்ரஸர் போயிடுச்சு சார்."

"எவ்வளவு ஆகும்?"

"கம்ப்ரஸர், கேஸ், கூலி எல்லாம் சேத்து இருபத்தெட்டாயிரம். இன்னிக்கே சொன்னாதான் இந்த ரேட்டு. நாளைக்கு ஏறிடும்."

மனைவி கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருப்பா."

மெதுவான குரல். அந்தக் குரலைக் கேட்டு ஸ்டேஷனில் எத்தனையோ பேர் கேட்காததையெல்லாம் கக்கியிருக்கிறார்கள்.

"கம்ப்ரஸர் எங்கே இருக்கு?"

"அவுட்டோர் யூனிட்ல சார்."

"அவுட்டோர் எங்கே இருக்கு?"

"மொட்டை மாடியில."

"பாத்தியா?"

"வரும்போதே... வெளிப் படி வழியா ஏறிப் பாத்துட்டுதான் சார் வந்தேன். கம்ப்ரஸரைத் தொட்டேன், கொதிக்குது."

"தொட்டே?"

"ஆமா சார்."

இன்ஸ்பெக்டர் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"தெருக்கோடி வீட்ல எவனோ அவுட்டோர்ல இருந்த காப்பர் குழாயை அறுத்துட்டுப் போயிட்டான். அதனால நம்ம அவுட்டோரைச் சுத்தி இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டி வெச்சிருக்கேன். சாவி ஒண்ணே ஒண்ணு. அது என் இடுப்பை விட்டு இறங்கினதே இல்லை. இப்ப சொல்லு... எதைத் தொட்டே?"

கூலிங்கிளாஸ் மூக்கு நுனிக்கு வழுக்கியது!

"கூண்டா? எப்ப போட்டீங்க?" என்றாள் மனைவி.

"நாலு நாளாச்சு. பரம ரகசியம். நீ குறுக்கே பேசாதே."

ஆனால் அவள் பேசினாள்.

"ஏன் தம்பி, இந்த ஏசி வாங்கி நாலு வருஷம்தான் ஆகுது. கம்ப்ரஸருக்குப் பத்து வருஷ வாரண்டி. கார்டு பீரோவுல இருக்கு. கம்பெனி சும்மா குடுக்க வேண்டியதுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?"

"கேஸும் தீர்ந்திருக்கும் மேடம்..."

"ஏசி கேஸ் என்ன அடுப்பு கேஸா, எரிஞ்சு தீர்றதுக்கு? எங்கேயாவது கசிஞ்சாத்தான் குறையும். எங்கே கசியுதுன்னு காட்டு, பாப்போம்."

அவன் எதையும் காட்டவில்லை. முதுகைத்தான் காட்டினான். போகிற அவசரத்தில் டூல்ஸ் பையைக்கூட விட்டுவிட்டான். திறந்து பார்த்தால், உள்ளே ஒரு சீப்பும் ஒரு பில் புக்கும் மட்டும்தான் இருந்தன.

"இவ்வளவு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு மாசமா நீங்க மத்தியானம் தூங்கறீங்க. நான் படிக்கிறேன்."

அடுத்த போன் அவளுடையது. நாலு மணிக்கு ஒரு பெண் மெக்கானிக் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் கனமான பை.

வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"வந்து பாக்கறதுக்கு முன்னூறு. என்ன கோளாறு, எவ்வளவு ஆகும்னு பாத்துட்டு எழுதிக் குடுப்பேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் கை வைப்பேன். கழட்டின பழைய பார்ட்டை உங்க கையிலயே குடுத்துடுவேன்."

வாக்குமூலம் என்றால் இப்படி இருக்க வேண்டும்! இன்ஸ்பெக்டருக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஃபில்டரை உருவினாள். சுத்தமாக இருந்தது. ஸ்டெபிலைசரைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. பிறகு மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"மேலே போகலாம் சார்."

மூவரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். இன்ஸ்பெக்டர் கெத்தாகக் கூண்டைத் திறந்தார்.

உள்ளே அவுட்டோர் தெரியவில்லை. தார்ப்பாய்தான் தெரிந்தது. தலை முதல் கால் வரை இறுக்கிச் சுற்றி, மேலே நைலான் கயிறு போட்டு வரிந்து கட்டியிருந்தது.

மெக்கானிக் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை விலக்கினாள். குப்பென்று முகத்தில் அடித்தது அனல்! பக்கத்து மூடியைக் கழற்றி, மீட்டரை வைத்துச் சோதித்து, ஒரு குட்டி டப்பாவை வெளியே எடுத்தாள். அதன் தலை உப்பியிருந்தது.

"கபாசிட்டர். கம்ப்ரஸரைக் கிளப்பி விடறது இதுதான். சூட்டுல வெந்து வீங்கிடுச்சு. கம்ப்ரஸருக்கு ஒண்ணுமில்ல."

"எவ்வளவுங்க ஆகும்?" என்றாள் மனைவி.

"பார்ட் நானூறு. மாத்த இருநூறு. விசிட் முன்னூறு. மொத்தம் தொள்ளாயிரம்."

தொள்ளாயிரம்!

மனைவிக்கு அந்த மொட்டை மாடியிலேயே மலைக்காற்று வீசியது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, பாவம்.

இன்ஸ்பெக்டருக்கு மட்டும் திருப்தியில்லை.

"நாலே வருஷத்துல இது எப்படிம்மா போகும்? சாவுக்குக் காரணம் என்ன?"

"மூச்சு முட்டிப் போயிருக்கு சார். வீட்டுக்குள்ள இருக்கற சூட்டை இந்த யூனிட்தான் வெளியே தள்ளுது. அதுக்கு நாலு பக்கமும் காத்து வேணும். எவனோ ஒருத்தன் மூக்கையும் வாயையும் பொத்தின மாதிரி கட்டிப் போட்டிருக்கான். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா கம்ப்ரஸர் நிஜமாவே போயிருக்கும். இந்தக் கட்டைப் பாத்தா கம்பெனிக்காரன் வாரண்டியும் தர மாட்டான்."

இன்ஸ்பெக்டருக்கு ரத்தம் கொதித்தது. மீசை துடித்தது.

"எவன் அவன்? அவனை நான்..."

பாதியில் நின்றது வாக்கியம்.

மனைவியின் பார்வை கயிற்றுக்குப் போனது. கயிற்றிலிருந்து கூண்டுக்கு. கூண்டிலிருந்து அவர் கையிலிருந்த சாவிக்கு!

"சாவி ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னீங்க இல்ல?"

"...ஆமா."

"உங்க இடுப்பை விட்டு இறங்கினதே இல்லைன்னும் சொன்னீங்க."

"திருடன் கண்ணுல படக் கூடாதுன்னு... ஒரு பாதுகாப்புக்காக..."

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு பைக்குள் தலையை விட்டுப் புதுக் கபாசிட்டரைத் தேடினாள். வெகுநேரம் தேடினாள்.

ஐந்து மணிக்குப் படுக்கையறையில் ஜில்லென்று காற்று வந்தது. தொள்ளாயிரத்துக்குப் பில் வந்தது. உப்பிய கபாசிட்டர் சொன்னபடியே மனைவியின் கைக்கு வந்தது.

மெக்கானிக் படியிறங்கியதும் இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"இந்தாம்மா... இந்த விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். மலைக்குப் போனா, அங்கே இருக்கற உன் தங்கச்சிகிட்டக் கூடச் சொல்லிடாதே."

மனைவி சூட்கேஸில் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இதுல மறைக்க என்னங்க இருக்கு? முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நீங்க ஒரு கேஸை அன்னிக்கே முடிச்சது இதுதான் முதல் தடவை... அதுவும் குற்றவாளியே சாவியை எடுத்துக்கிட்டு மாடி வரைக்கும் கூட்டிட்டுப் போனதால!"