கறுப்புக் கரை போட்ட அட்டை

குறிகட்டுவான் இறங்குதுறையில் மழை பிடித்துக்கொண்டது. நெடுந்தீவுப் படகுக்குள் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். துசாராவின் மடியில் கிடந்த ஊர்ச் சஞ்சிகை நனையாதபடி, பக்கத்தில் இருந்த இளைஞன் உதயன் தன் குடையைச் சரித்துப் பிடித்தான்.

"நனையட்டும்... ஊறிக் கிழிஞ்சாலும் நல்லது" என்றாள் அவள்.

மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றின் கீழே அழுது சிவந்த கண்கள். உதயன் பார்வையைத் தாழ்த்தினான். அங்கே, அவனே வடிவமைத்த அட்டை!

"ஏன்... வடிவாய்த்தானே இருக்கு?"

"வடிவோ? இது என்ரை அப்பா, யாக்கோப்பு. ஒப்பரேசன் முடிஞ்சு சுகமாய் வந்தவர் எண்டுதான் படம் போட்டவை. அவரைச் சுத்திக் கறுப்புக் கரை! என்ன எழுதியிருக்கெண்டு வாசிக்க ஏலாத பொடி எழுத்து! எழுவைதீவு மாமி ஒப்பாரி வைச்சுக்கொண்டு வந்து இறங்கினவ. வாசலிலை நிண்டு 'வா தங்கச்சி' எண்டதே அப்பாதான்!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இப்ப அவர் கோயிலுக்கும் போறேல்லை. 'செத்தவனைப் பாக்கிற மாதிரிப் பாக்கினம், பிள்ளை' எண்டுறார். இதைச் செய்தவருக்கு மனமெண்டு ஒண்டு இருக்கோ?"

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளின் கண்ணில் படவேண்டும் என்றுதான் உதயன் கறுப்பு வெள்ளையையும் தடித்த கரையையும் தேர்ந்தான். இங்கே அந்தக் கரை மரண அறிவித்தலுக்கு உரியது என்பது, கொழும்பில் வளர்ந்த அவனுக்குத் தோன்றவே இல்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது... ஆனாலும் மனம் விடவில்லை.

"நான்தான் செய்தனான்."

அவள் எழுந்து போய் மழையில் நின்றாள். கரை சேரும்வரை திரும்பவே இல்லை.

மறுநாள் அவன் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டான். யாக்கோப்பு கதிரையைக் காட்டினார்.

"இரும் தம்பி. படம் நல்லம்... கரைதான் ஆளை முடிச்சுப்போட்டுது."

துசாரா தேநீரை வைத்துவிட்டு, முகம் காட்டாமல் குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு, திருப்பலிப் பூசைக்கு முன் கோயில் வாசலில் உதயன் நின்றான். கையில் புதிய அட்டை போட்ட சஞ்சிகைகள். கரையே இல்லாமல் நீலக் கடல் அட்டையின் விளிம்புவரை விரிந்திருக்க, நடுவே யாக்கோப்பு வாய்விட்டுச் சிரித்தார். முதியவர்களும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், 'நலமாக இருக்கிறார்.'

"பிழை என்ரை. மன்னியுங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கொடுத்தான்.

சனம் சஞ்சிகையும் கையுமாகப் போய் யாக்கோப்பைக் கோயிலுக்கு அழைத்து வந்தது. தாழ்ந்து கேட்ட மன்னிப்பைக் கடவுள் வீணாக்குவதில்லை. தகப்பனின் பக்கத்தில் முழந்தாளிட்ட துசாராவின் கண்கள் நிறைந்தன... இம்முறை வேறு காரணத்துக்காக.

மாலையில் அவன் படகேறப் போனபோது, குடையோடு அவள் வந்தாள்.

"இந்த அட்டை ஆருக்குப் பிடிக்கவேணுமெண்டு செய்தனீங்கள்?"

"ஊருக்கெண்டுதான் தொடங்கினனான்..." அவன் குரல் இறங்கியது. "பிறகு, நீர் ஒருக்காச் சிரிக்கவேணும் எண்டது மட்டும்தான் மனசிலை நிண்டது. எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு, துசாரா."

மழை தூறத் தொடங்கியது. அவள் குடையை அவன் பக்கம் சரித்தாள்.

"எனக்கும்தான்... ஆனா அப்பாட்டை வந்து கேளுங்கோ. அவர் உயிரோடைதான் இருக்கிறார்."