தடுப்புக்கு அந்தப் பக்கம்

கூப்பிடுவதற்காக ஹுஸ்னா வாயைத் திறந்தாள். கூப்பிடவில்லை. அதற்குள் தொட்டிக்குள்ளிருந்து பதில் வந்துவிட்டது.

“இருக்கேன் மேடம்!”

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் இவள் “ராமரண்ணே, இருக்கீங்களா?” என்று கேட்பதும், அவர் உள்ளேயிருந்து “இருக்கேன் மேடம்” என்று குரல் கொடுப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தது. மனுஷனுக்கு நேரம் அத்துப்படியாகிவிட்டது, கேட்கிற சிரமத்தைக்கூட நமக்கு மிச்சம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். ராமர் அப்படிப்பட்ட ஆள்தான். பக்ரீத் முடிந்து ஒரு மாசம் வரைக்கும் “மேடம், அந்த பிரியாணி இன்னும் வழியிலதான் வருதா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்குவார்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற ரோட்டில், ஊரைவிட்டுத் தள்ளி, தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு வேண்டிய ரசாயனம் தயாரிக்கிற கம்பெனி அது. ஹுஸ்னா அங்கே பாதுகாப்பு இன்ஜினியர். நாகல் நகரில் தோல் வியாபாரம் பண்ணுகிற வீட்டுப் பெண். நாற்றத்துக்கெல்லாம் முகம் சுளிக்கிறவள் இல்லை. அழுகின முட்டை நாற்றம் ஒன்றுக்கு மட்டும் பயப்படுவாள். ஆட்டுத்தோலிலிருந்து முடியைக் கழற்றுகிற சல்பைடு, அமிலத்தோடு சேர்ந்தால் கிளம்புகிற வாயு அது. கொஞ்சமாக இருக்கிறவரை நாறும். அதிகமானால் முதலில் மூக்கைக் கொன்றுவிடும், அப்புறம் நாற்றமே தெரியாது. “நாத்தம் போயிருச்சுன்னு சந்தோசப்படாதீங்க, ஓடுங்க.” வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது இதைத்தான்.

நாலாம் நம்பர் தொட்டி லாரி டேங்கரைவிடப் பெரிதாக, படுக்கைவாட்டில் கிடந்தது. ஒரு முனையில், இடுப்பு உயரத்தில், ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வட்டமான வாசல். உள்ளே பாதி தூரத்தில் ஓர் இரும்புத் தடுப்பு, அதன் ஓரத்தில் ஒரு சந்து. தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிறவரை ஆளைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் போய்விட்டால் குரல் மட்டும்தான். அடியில் தங்கின கசடை வழித்தெடுக்கிற வேலை ராமருடையது. வாக்கிடாக்கி அந்த இரும்புக்குள் வேலை செய்யாது என்பதால் இடுப்பு பெல்ட்டில் ஒரு கயிறு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு குரல்.

சேவுகம்பட்டிக்காரரான ராமர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஹுஸ்னா மேடம் வாசலில் நின்றால் இறங்குவார். வேறு யார் நின்றாலும் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். அவர் மனைவி மூக்காயி அதே கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவள். காலையில் இட்லித் தட்டை நீட்டும்போதே அவள் முகம் சரியில்லை.

“நாலாம் நம்பர்னாலே எனக்கு அடிவயிறு கலங்குது மேடம்.”

“நான் வாசல்லயே நிக்கிறேன்க்கா. சாயங்காலம் ஆளை உங்க கையில ஒப்படைக்கிறேன், போதுமா?”

மூக்காயி சிரித்தாள். மேடம் சொன்னால் சொன்னதுதான் என்று கேன்டீன் முழுக்கப் பெருமை பேசுகிறவள் அவள்.

இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்ததால் எப்போதும் இரைகிற இயந்திரங்கள் எல்லாம் வாயடைத்துக் கிடக்க, மேற்கேயிருந்து வருகிற ஆடிக்காற்று வெறுங்குழாய்களில் புகுந்து ஊளையிட்டது, கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது, புழுதியை அள்ளிக்கொண்டு வந்து அவள் ஹெல்மெட்டுக்கு அடியில் இருந்த முக்காட்டிலும் பல்லிடுக்கிலும் கொட்டியது. பக்கத்தில் தொட்டிக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்த ப்ளோயரின் உறுமல் விடாமல் ஒலித்தது. இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் ஏதோ ஒரு சத்தம் குறைகிறது என்று அவளுக்குப் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. கண்ணை மூடிக் காதைக் கூர்மையாக்கினாள்.

மண்வெட்டி. தீப்பொறி பறக்காத பித்தளை மண்வெட்டி தரையில் உரசுகிற சத்தம் இல்லை. அது எப்போது நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“ராமரண்ணே, போதும். வெளிய வாங்க.”

“இருக்கேன் மேடம்!”

“இருக்கீங்க, தெரியுது. வெளிய வாங்கன்றேன்.”

“இருக்கேன் மேடம்!”

அதே சுருதி, அதே இழுப்பு. விளையாடுகிறாரா? விளையாடுகிற இடமா இது? அவளுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்குக் கீழே வேறொன்றும் வந்தது. ஓய்வெடுக்க வரச்சொல்லி ஏற்கெனவே இரண்டு தரம் கூப்பிட்டிருந்தாள். இரண்டு தரமும் “செத்த நேரம் மேடம், முடிச்சிட்டு வாரேன்” என்று பதில் வந்தது. ராத்திரிக்குள் தொட்டியை நிரப்பியாக வேண்டும் என்று பராமரிப்பு சூப்பர்வைசர் ஆனந்த்ராஜ் காலையிலிருந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். சரி, செத்த நேரம்தானே என்று அவளும் விட்டுவிட்டாள். அவள் வேலையில் அப்படி விடக்கூடாது. விட்டுவிட்டாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ராமர் முகமூடி போட்டுக்கொண்டு போயிருக்கிறார். முகமூடிக்குள்ளிருந்து பேசினால் குடத்துக்குள் பேசுகிற மாதிரிக் கேட்க வேண்டும். இந்தக் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். இறுக்கம் தெரிந்தது. நல்லவேளை, மறுமுனையில் ஆள் இருக்கிறது. அவள் இழுத்ததற்குப் பதிலாக உள்ளேயிருந்து யாரோ ஒருதரம், மெல்ல, இழுத்துவிட்டார்கள். ஒருதரம் இழுத்தால் ‘நலம்’ என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். அடுத்த நொடி கயிறு தளர்ந்தது. இழுக்க இழுக்க வந்தது. கசடு பூசி, வழுவழுவென்று, கனமே இல்லாமல். கடைசியில் கொக்கி வந்து வாசல் விளிம்பில் ‘ணங்’கென்று மோதியது.

கொக்கியில் யாரும் இல்லை.

தலையை வாசலுக்குள் நீட்டி டார்ச் அடித்தாள். தடுப்பு. சந்து. சந்துக்கு அப்பால் இருட்டு. வாசலில் கட்டித் தொங்கவிட்ட கேஸ் மீட்டர் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் கொஞ்சமும் இல்லை. நாற்றம் இல்லையே என்று நினைத்த அந்தக் கணத்தில் அவள் உடம்பெல்லாம் சில்லிட்டது. காலையிலிருந்து லேசாக அடித்துக்கொண்டிருந்த நாற்றம் அது. எப்போது போனது? தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே விசிலை எடுத்து ஊதினாள், ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள்.

ஆனந்த்ராஜ் ஓடிவந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் வாசலுக்கு எட்ட நின்று கத்தினான்.

“ஏலே ராமரு!”

“இருக்கேன்ப்பு!”

ஆனந்த்ராஜ் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். “நல்லாத்தான மேடம் இருக்கான்? அதுக்குள்ள என் உசுரு போயிருச்சு.”

“சிலிண்டரைப் போட்டுட்டு உள்ள போங்க ஆனந்த்ராஜ்.”

“மேடம், அவன்தான் பேசுறானே...”

“போங்க!”

அவள் கத்தி அவன் கேட்டதில்லை. ஆலையில் இருந்த ஒரே காற்று சிலிண்டரை முதுகில் மாட்டி, கண்ணாடி முகமூடியை இறுக்கிக்கொண்டு, அவன் குனிந்து நுழைந்தான். சந்துக்குள் அவன் பூட்ஸ் மறைந்தது. காற்று. ப்ளோயர். கூரைத் தகரம். அவள் மனசுக்குள் துஆ ஓதினாள், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். யா அல்லாஹ், அந்தப் பொம்பளைக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவன் பின்பக்கமாக, இழுத்துக்கொண்டு வந்தான். இருவருமாகச் சேர்ந்து ராமரை வெளியே எடுத்துத் தரையில் கிடத்தினார்கள். ஆனந்த்ராஜ் முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு வாந்தியெடுத்தான். ஹுஸ்னா ராமரின் முகமூடியை அகற்றினாள். மூச்சு இல்லை. நாடி இல்லை. கற்றுக்கொடுத்ததையும் கற்றுக்கொண்டதையும் கை தன்பாட்டில் செய்தது: தலையைச் சாய்த்தாள், வாயைத் திறக்கப் பார்த்தாள்.

திறக்கவில்லை.

தாடை இறுகிப் போயிருந்தது. விரலை விட்டு நெம்பினாலும் அசையவில்லை. கழுத்தும் விறைத்திருந்தது. செத்ததும் முதலில் விறைப்பது தாடைதான், அதற்கே மணிக்கணக்கு ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு இறங்கியதுமே போய்விட்டிருக்கிறார். இவ்வளவு நேரமும் இந்த வாய் பேசவில்லை. ‘செத்த நேரம் மேடம்’ என்று சொன்னது இந்த வாய் இல்லை. கயிற்றை இழுத்துவிட்டது இந்தக் கை இல்லை.

“இருக்கேன் மேடம்!” என்றது தொட்டி.

ஆனந்த்ராஜுக்கும் கேட்டது. வாயைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். “அந்தப் பக்கம் இவன் மட்டும்தான் கெடந்தான் மேடம்,” என்றான். “மூலை முடுக்கெல்லாம் பாத்தேன். சத்தியமா, இவன் மட்டும்தான்.”

இருவருமாக வாசல் மூடியைத் தள்ளிச் சாத்தினார்கள். கையில் அகப்பட்ட நான்கு போல்ட்டை மாட்டி ஸ்பேனரால் இறுக்கினார்கள். ஆம்புலன்ஸைக் கூட்டிவருகிறேன் என்று ஆனந்த்ராஜ் கேட்டைப் பார்த்து ஓடினான். அவன் திரும்பி வருவான் என்று ஹுஸ்னாவுக்குத் தோன்றவில்லை. ராமரின் முகத்தை மட்டும் தன் துப்பட்டாவால் மூடினாள்.

விசில் சத்தம் கேட்டு, கேன்டீனிலிருந்து, கையில் மாவு ஒட்டியபடியே மூக்காயி வந்துகொண்டிருந்தாள்.

“என்னாச்சு மேடம்? அவரு எங்க?”

ஹுஸ்னா சொல்வதற்குள் தொட்டி சொன்னது.

“மூக்காயி... இங்கனதான் இருக்கேன்.”

மூக்காயியின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் ஹுஸ்னாவால் முடியவில்லை. “அக்கா, அது அவரு இல்ல. அக்கா, மன்னிச்சிருங்க. இங்க பாருங்க.” துப்பட்டாவை விலக்கினாள்.

மூக்காயி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். புருஷனின் நெற்றியைத் தொட்டாள், கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். அழவில்லை. நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தாள்.

“மூக்காயி, மூடிட்டாக. இருட்டா இருக்கு. மூச்சு முட்டுதுடி.”

“அவரு உள்ள பேசுறாரு,” என்றாள் மூக்காயி. குரலில் குழப்பமே இல்லை. “அப்ப இது யாரு?”

“அக்கா—”

“உசுரோட இருக்குற ஆளை உள்ள வச்சு மூடிட்டு, எவனையோ கொண்டாந்து காட்டுறீங்க. நீங்களா மேடம்? நீங்களா?”

ஹுஸ்னா அவள் காலைக் கட்டிக்கொண்டாள். வெட்கத்தைவிட்டுக் கதறினாள். அந்தக் காலைப் பிடித்து நிறுத்த அவளால் ஆகவில்லை. அரை மூட்டை அரிசியை ஒற்றை ஆளாக வடிக்கிற உடம்பு அது. மூக்காயி அவளை உதறிவிட்டுப் போய் இரும்பில் காதை வைத்தாள். உள்ளே மெல்லிய குரலில் ஏதோ பேச்சு. மூக்காயி தலையாட்டிக் கேட்டாள். “ம்,” என்றாள். “ம், சரி.” பிறகு முகத்தில் ஒரு திகைப்பு. மெதுவாகத் திரும்பி ஹுஸ்னாவைப் பார்த்தாள். அவள் வாயைப் பார்த்தாள்.

அப்போது ஹுஸ்னாவுக்கும் கேட்டது. இரும்புக்கு அந்தப் பக்கமிருந்து, நிதானமாக, அன்பாக, யாரும் நம்பிவிடுகிற ஒரு பெண்ணின் குரல். அவளுடைய குரல்.

“பயப்படாதீங்கக்கா. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். அவருக்கு ஒண்ணுமில்ல. நீங்க தொறந்து உள்ள வாங்க, கையில ஒப்படைக்கிறேன்.”

“அது நான் இல்ல!” ஹுஸ்னா அலறினாள். தொண்டை வறண்டு, பாதி காற்றாக, யாருடையதோபோல் வந்தது அந்தச் சத்தம். “அக்கா, நான்தான் ஹுஸ்னா. நான் இங்க இருக்கேன்!”

மூக்காயி இவளைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். இரண்டில் எது தன் மேடம் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் மாட்டினாள்.