வழி வரையாத காடு

தம்பி வால்தெசி அனுப்பிய படத்தில், ஒரு மரத்தின் பட்டைமேல் தூரிகை மயிர் ஒன்று ஒட்டியிருந்தது.

சுல்மிரா கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். மதியம் இரண்டு மணி. கொரும்பா நகரம் வெயிலுக்குப் பயந்து கதவடைத்துக் கிடந்தது. கீழே ஆற்றிலிருந்து ஏறிவந்த சேற்று வாடையும், அறைக்குள் தேங்கிய ஆளிவிதை எண்ணெய் வாடையும் கலந்து தொண்டையில் நின்றன. படத்தில் வெறும் காடுதான். ஆனால் அந்த மயிரை அவளுக்குத் தெரியும். போன வாரம் தன் ஓவியத்தில் பார்த்துவிட்டு, சாயம் காய்ந்துபோனதால் எடுக்காமல் விட்டது.

அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்கிற தொழில் இது. விலங்கு மீட்பு மையத்தின் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ஜாகுவார் என்கிற புள்ளிப்புலியை வால்தெசி படமெடுப்பான். சுல்மிரா படத்திலிருந்து வேலியை வெட்டி எறிந்துவிட்டு, மணலும் சுண்ணமும் குழைத்துத் தான் தீட்டிய காட்டைப் படம்பிடித்து, கணினியில் அதற்குள் விலங்கை நிறுத்துவாள். வயிற்றுக்குக் கீழே நிழல் வைப்பாள். பாதத்துக்கு முன்னால் புல் வைப்பாள். காட்டில் எடுத்தது என்று விடுதிக்காரர்கள் நம்பி வாங்கி மாட்டினார்கள். படகுத்துறை ஆட்கள் நம்பவில்லை. "என்ன வால்தெசி, உன் புலிக்கு இன்னிக்கு யாரு சோறு வச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அது பொறுக்காமல்தான், நிஜமாக ஒன்றை எடுத்தே தீருவேன் என்று காலையில் தனியாகப் படகேறிப் போயிருந்தான்.

கைப்பேசி அடித்தது.

"அக்கா, படம் வந்துச்சா? ஒரு திருப்பத்துல படகை விட்டு எறங்கினேன். இப்ப ஆத்தையே காணோம்."

"வந்த தடத்தைப் பாத்துத் திரும்பி நடடா."

"தடமே இல்லக்கா. மரத்தைத் தொட்டா காஞ்ச சாயமாட்டம் சொரசொரங்குது. ஒரு பூச்சிகூடக் கத்தல." அவன் எச்சில் விழுங்குவது கேட்டது. "அக்கா... அது நிக்குது. பாதிக் காது இல்லாதது. மையத்துல இருக்குமே, அதேதான்."

அவள் கணினியைப் பார்த்தாள். நேற்று முடித்த படம் திறந்திருந்தது. அதே காதறுந்த ஜாகுவார். மரங்களுக்கு நடுவே, விரல்நகம் அளவுக்கு, அவள் வைக்காத ஓர் உருவம். காதில் கைப்பேசி வைத்தபடி.

கணினிப் படத்தில் விலங்கு மட்டும் இருந்த அடுக்கை அழித்தாள்.

"போயிடுச்சுக்கா! போயிடுச்சு!" அழுகையும் சிரிப்புமாகக் கத்தினான். பிறகு குரல் தாழ்ந்தது. "இல்ல. கண்ணுக்குத்தான் தெரியல. மூச்சு கேக்குது."

அழித்ததைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. எழுந்து சுவரோரம் சாய்த்திருந்த ஓவியத்திடம் ஓடினாள். துணியிலும் அவன் நின்றான்.

"இது உன் காடுதானக்கா? எங்கயாச்சும் வழி வச்சிருக்கியா?"

பார்ப்பவர் கண் விலங்கைவிட்டு விலகக்கூடாது என்று அவள் எங்கேயும் வழி வைப்பதில்லை.

பழுப்புச் சாயத்தை அள்ளி, அவன் காலடியிலிருந்து துணியின் ஓரம்வரை ஒரு பாதையை இழுத்தாள். ஒட்டவில்லை. வழிந்து தரையில் சொட்டியது. மறுபடி இழுத்தாள். வழிந்தது. நகத்தால் சுரண்டினாள். நகம் உடைந்தது. காடு உதிரவில்லை.

"அக்கா, ஓடட்டுமா?"

"ஓடாதடா. அசையாம நில்லு."

நின்றான்.

துணியில், காய்ந்து இறுகிய சாயப் புல் ஓரிடத்தில் மடிந்தது. ஒரு பாத அகலம். அவன் பக்கமாக இன்னோர் இடம். அவசரமில்லாமல். இன்னொன்று.

அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வால்தெசி, பின்னாடி..."

"மூச்சுச் சத்தம் நின்னுடுச்சுக்கா," என்று நிம்மதியாகச் சொன்னான்.

அவன் முதுகை ஒட்டி நின்ற கடைசிப் புல்லும் மடிந்தது.