இருபத்து மூன்று குப்பிக் கொலை

டிரிங்... டிரிங்...

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தார்.

"கொலை சார்! கொலை!" ஓர் ஆண் குரல் அலறியது.

"செத்தது யாரு?"

"லேப்ல வளர்த்த செல்கள் சார்! இருபத்துமூணு குப்பி! ஒண்ணு கூட உயிரோட இல்ல!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். எப்படியோ... போஸ்ட்மார்ட்டம் மிச்சம்!

ஆராய்ச்சிக்கூடம்.

செல்களை உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் தொட்டி திறந்து கிடந்தது. வெண்புகை தரையில் தவழ்ந்தது. வாஷ்பேசின் பக்கத்தில் காலிக் குப்பிகள்... பிளீச்சிங் நெடி!

புரொபசர் தலையில் அடித்துக்கொண்டார். அருகில் அவர் மனைவி. லேப் டெக்னீஷியனும் அவள்தான்.

"அதுல அப்படி என்ன சார் இருந்துச்சு?"

"மோனோகுளோனல் ஆன்டிபாடி தயாரிக்கிற செல்! ஆன்டிபாடின்னா... ஒரே ஒருத்தனை மட்டும் பிடிக்கிற போலீஸ்காரன். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டிக்கிற ஏற்பி இருக்கே, ஆயிரம் புரோட்டீன் கூட்டத்துலேர்ந்து அதை மட்டும் தனியா இழுத்துட்டு வந்துடும்!"

"எங்க ஆளுங்களுக்கும் கொஞ்சம் ட்ரெயினிங் கொடுங்களேன்."

"விளையாடாதீங்க சார்! நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில இதை வச்சு மார்பகப் புற்றுநோய் டெஸ்ட் ஆரம்பம். கட்டியில ஏற்பி இருந்தா ஹார்மோன் மாத்திரை. இல்லைன்னா கீமோ!"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். குப்பிகள் எண் வரிசையில் நின்றன! மூடிகள் பத்திரமாகத் திருகப்பட்டிருந்தன. தடித்த கையுறை கூட ஆணியில் திரும்ப மாட்டப்பட்டிருந்தது.

"வெளியாள் இவ்வளவு நறுவிசா வேலை பார்க்க மாட்டான். இங்க கிளவுஸ் போடறது யாரு?"

"அவதான். எனக்கு வெறுங்கையிலதான் வேலை ஓடும்."

"நான்தான் கொன்னேன்," என்றாள் மனைவி.

புரொபசர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"அடிப்பாவி! பத்து வருஷ உழைப்புடி!"

"மூணு தடவை சொன்னேன், கேட்டீங்களா? அது ஏற்பியைப் பிடிக்கலைங்க! தோல்ல இருக்கிற கெரட்டினைப் பிடிக்குது. சுண்டெலிக்கு ஊசி போட ஏற்பியைச் சுத்தம் பண்ணப்ப, உங்க கைத்தோல் அதுல உதிர்ந்திருக்கு. எலி அதுக்குத்தான் ஆன்டிபாடி தயாரிச்சிருக்கு... அந்த எலியிலேர்ந்து எடுத்த செல்தான் இதெல்லாம்!"

"பொறாமை! பச்சைப் பொறாமை!"

"மார்பகக் கட்டியிலயும் கெரட்டின் உண்டுங்க. நாளைக்கு வர்ற எல்லாருக்கும் 'ஏற்பி இருக்கு'ன்னுதான் காட்டும். கீமோ வேண்டியவ மாத்திரையை முழுங்கிட்டு வீட்டுல இருப்பா... செத்துடுவா!"

அவள் குரல் உடைந்தது. இன்ஸ்பெக்டரின் சிரிப்பு காணாமல் போனது.

"ஆதாரம் இருக்காம்மா?"

அவள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். கடைசி மிச்சம் ஆன்டிபாடி! இடுக்கியால் புத்தம் புதிய வெள்ளைத் தாள் ஒன்றைக் கணவர் முன் வைத்தாள்.

"இதுல ஏற்பி எதுவும் கிடையாது. கட்டைவிரலை அழுத்துங்க."

புரொபசர் அலட்சியமாக அழுத்தினார்.

அவள் ஆன்டிபாடியை ஊற்றினாள். காத்திருந்தாள். கழுவினாள். ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் நிறம் காட்டும் திரவத்தை விட்டாள். இரண்டு மணி நேரம் ஓடியது.

மெல்ல... மெல்ல...

பழுப்பு நிறத்தில், சுழி சுழியாக, ஒரு கட்டைவிரல்!

புரொபசர் முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுத்து, ஆஸ்பத்திரிக்கு டெஸ்ட்டை நிறுத்தச் சொன்னார்.

மனைவி இன்ஸ்பெக்டரிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள். "அரெஸ்ட் பண்ணுங்க சார்."

"உங்களை எதுக்கும்மா?" இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என் சர்வீஸ்ல எத்தனையோ பேர் கைரேகையை அழிக்கப் பாடுபட்டிருக்காங்க... பத்து வருஷம் பாடுபட்டு தன்னோட கைரேகையைத் தானே கண்டுபிடிச்சுக் கையில கொடுத்த ஒரே ஆளு உங்க வீட்டுக்காரர்தான்!"