அடியில் ஒரு ஆவி!

டமார்!

படகுத்துறையே ஒருமுறை எகிறி அடங்கியது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது தீ அணைந்திருந்தது. நாற்றம் அணையவில்லை. கருகிய ரப்பர், பெட்ரோல், அழுக்குத் தண்ணீர்... கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தரையில் ஒரு தார்ப்பாய். அதற்குக் கீழே ஓர் உடல். ஆணா, பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாத கரிக்கட்டை!

"ஐயோ... என் தங்கமே!"

வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் அதன் அருகே புரண்டு அழுதான். சட்டையில் அழுக்குப் படாமல் புரண்டான்!

"யாருய்யா இவன்?"

"படகுக்காரம்மா புருஷன், மேடம்," என்றார் ஏட்டு. "தினம் அந்தம்மாதான் படகை ஓட்டும். செத்தது அவங்கதானாம்."

அவன் நிமிர்ந்தான்.

"எஞ்சின் ரூம்ல பெட்ரோல் ஆவி சேரும், ஃபேனைப் போட்டு வெளியேத்திட்டு அப்புறமா ஸ்டார்ட் பண்ணுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம்! கேட்டாளா?"

அழுகைக்கு நடுவே ஒப்பித்த மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் பாதி மூழ்கிய படகில் இறங்கினாள். படகுப் பரிசோதகர் டார்ச் அடித்தார்.

"ஃபேன் சுவிட்ச் ஆன்லதான் இருக்கு மேடம்."

"அப்ப ஆவி வெளிய போயிருக்கணுமே?"

"போகாது. இந்த ஃபேன் குழாயைப் பாருங்க... பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம். அடியிலதான் படுத்துக் கிடக்கும். அதனால குழாயோட வாய் அடிவரைக்கும் இறங்கியிருக்கணும். யாரோ தூக்கி, மேல கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க!"

"அதாவது... ஃபேன் மேல இருக்கிற நல்ல காத்தை இழுத்திருக்கு?"

"ஆமா. சத்தம் கேக்கும்... காரியம் நடக்காது. இது கொலை மேடம்!"

கரையேறி விஷயத்தைச் சொன்னாள். வெள்ளைச் சட்டை துள்ளிக் குதித்தது.

"மெக்கானிக் பய வேலைதான்! அவனைத் தூக்கி உள்ள போடுங்க!"

"என்னை எதுக்குங்க?"

பின்னாலிருந்து குரல். கிரீஸ் கையோடு மெக்கானிக். அவன் பக்கத்தில் மூச்சு வாங்கியபடி...

படகுக்காரி!

கூட்டம் சிதறியது. புருஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ... நீ ஏண்டி படகைவிட்டு எறங்கின?"



"உயிரோட வந்த பொண்டாட்டிகிட்ட கேக்கிற கேள்வியாய்யா இது?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

படகுக்காரி முன்னால் வந்தாள். "ஃபேன் நல்லா ஓடின பிறகும், மூடியைத் தொறந்து மோந்து பாத்தேன் மேடம். பெட்ரோல் குப்புனு அடிச்சுது. போனைப் படகுலயே விட்டுட்டு மெக்கானிக்கைக் கூட்டிவர கடைத்தெருவுக்கு ஓடினேன். படகுல இருந்த இவர் தம்பிகிட்ட எஞ்சினைத் தொடாதேன்னு சொன்னேன். 'ஃபேன்தான் ஓடிச்சே, என்ன பயம் அண்ணி'ன்னு சிரிச்சார்..."

அவள் பார்வை தார்ப்பாயில் விழுந்தது.

"ஐயோ... தம்பியா!"

அலறியவள் சட்டென்று திரும்பினாள்.

"நேத்து சாயங்காலம் தண்ணி எறைக்கிறேன்னு உள்ள எறங்கினது நீங்கதானே?"

அவன் உடைந்தான். தம்பிக்காக இல்லை!

"எல்லாம் உன்னாலதான்டி! இன்னொருத்தியைக் கட்டிக்கணும், விவாகரத்து குடுன்னு எத்தனை தடவை கேட்டேன்? குடுத்திருந்தா என் தம்பி செத்திருப்பானா?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மறுபடி மூக்கில் அழுத்திக்கொண்டாள். கரிக்கட்டைக்குப் பக்கத்தில்கூட அவ்வளவு அழுத்தவில்லை.

"தூக்குங்கய்யா இவனை!"

ஜீப் கிளம்பியது. அவள் இன்னும் கைக்குட்டையை எடுக்கவில்லை.

"பெட்ரோல் நாத்தம் போகலையா மேடம்? கண்ணாடியை இறக்கட்டுமா?" என்றார் ஏட்டு.

"இறக்கி என்னய்யா பிரயோஜனம்? நாத்தத்துக்குத்தான் விலங்கு மாட்டிப் பின்சீட்டுல உக்கார வெச்சிருக்கோமே!"