செய்தி அக்காவுக்கு அவசர அஞ்சலி!

"ஆ... ஆஆஆ!"

அலறியவர் அரசு வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவாளர்.

செய்தி அக்கா அலறவில்லை. இனி அலறவும் மாட்டாள்.

ஸ்டுடியோ மேஜையில் கவிழ்ந்து கிடந்தாள். கழுத்தை இறுக்கிச் சுற்றிய மைக் ஒயர்... பிதுங்கிய விழிகள்... பிளந்த நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம், காலையில் அவள் வாசித்த செய்தி எழுதிய தாள்களில் ஊறிக்கொண்டிருந்தது.

தகவல் வந்த மறு நிமிடம் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் தாவி ஏறினாள். ஏட்டு வண்டியைக் கிளப்பினார். ரேடியோவைத் திருகினார்.

வயலின் அழுதது. நிலைய இயக்குநரின் குரல் அதைவிட அதிகமாக அழுதது.

"...தபால்காரரின் மகளாகப் பிறந்து, நாட்டின் குரலாக வளர்ந்தவள்... கயவர்களே! கழுத்தை நெரிக்கலாம்... அந்தக் குரலை நெரிக்க முடியுமா?"

நடுநடுவே செய்தி அக்காவின் பழைய ஒலிப்பதிவுகள். புயல் எச்சரிக்கை. தேர்தல் முடிவு. ஒரு சிரிப்பு. மறுபடி வயலின்!

ஏட்டு மூக்கை உறிஞ்சினார். இன்ஸ்பெக்டர் சத்தத்தைக் கூட்டினாள். இத்தனை வருஷமாக அந்தக் குரலைக் கேட்டபடிதான் அவள் பல் விளக்கினாள்.

"அவங்க கடைசியா யார்கூட இருந்தாங்க?"

"வரிப்புலிகூட மேடம்! வேற யாரு?"

வரிப்புலி... அவை உறுப்பினர் ஒருவருக்குப் பத்திரிகைகள் சூட்டிய பெயர். வரிப்பணத்தில் வானொலி எதற்கு என்று ஊர் ஊராக உறுமுகிறவர். வானொலிக்கு நிதியை நிறுத்தும் அவருடைய மசோதாவுக்கு அன்று சாயங்காலம் ஓட்டெடுப்பு. காலையில் அதே ஸ்டுடியோவில் நேரடி விவாதம். செய்தி அக்கா கேட்ட கேள்விகளில் மனிதரின் மானம் கப்பலேறியிருந்தது.

நிலையத்தின் வாசலில் கும்பல். கையில் கல், கட்டை. கண்ணில் வெறி!

"கொலைகாரனை வெளிய அனுப்பு!"

ஏட்டு லத்தியைச் சுழற்றி வழி உண்டாக்கினார். உள்ளே இருட்டு. எதிலோ இடறிய இன்ஸ்பெக்டரைக் கைகொடுத்து நிறுத்தினார் நிலைய இயக்குநர். சிவந்த கண்கள். கையில் கைக்குட்டை.

"பார்த்து மேடம். பல்பு போய் மாசக்கணக்காச்சு. கோப்பு மேல போகணும், கையெழுத்தாகணும், கீழ வரணும். லிஃப்ட்டும் அதே கதைதான். இங்க எதுவும் அவ்வளவு சீக்கிரம் நடக்காது."

அவருடைய அறையில், மேஜைக்கு அடியில் வரிப்புலி! வாசலில் கும்பலிடம் சிக்கித் தப்பியதில் சட்டை கிழிந்து, காது கிழிந்து... பூனைக்குட்டியாய்.

"அம்மா, காப்பாத்துங்கம்மா! நான் ரேடியோவைத்தான் மூடச் சொன்னேன்... அவங்க மூச்சை இல்ல!"

"விவாதம் முடிஞ்சதும் எங்க போனீங்க?"

"பாத்ரூமுக்கு. முகம் கழுவ... சத்தியமா அவ்வளவுதான்! இந்த ஜனங்க காசு மிச்சமாகட்டும்னு கத்தினவன் நான். இப்ப அவங்களே என்னை..."

சிலீர்!

ஜன்னலைப் பிளந்து வந்த கல் ஏட்டின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கன்னத்தில் ஓடியது. கீழே கதவை எதனாலோ இடித்தார்கள். தடால்... தடால்!

"கதவு தாங்காது மேடம்! உள்ள வந்தா இந்த ஆளைப் பிச்சி எறிஞ்சிடுவாங்க!" என்றார் ஏட்டு.

சுவர் ஒலிபெருக்கியில் வயலின் இன்னும் அழுதுகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அதை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு மூலையில் ஒண்டி நின்ற ஒலிப்பதிவாளரிடம் திரும்பினாள்.

"இது லைவா?"

"இல்ல மேடம், பதிவு. அரைமணி நேர நிகழ்ச்சி. டைரக்டர் சார் கையில கொடுத்தார், ஓட விட்டேன்."

"எப்ப கொடுத்தார்?"

"நான் உடம்பைப் பார்த்துக் கத்தினேன்ல... உடனே."

இன்ஸ்பெக்டர் இயக்குநர் பக்கம் திரும்பினாள். கீழே மறுபடி தடால்!

"அரைமணி நேர அஞ்சலி," என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "வெட்டி, ஒட்டி, வயலின் சேர்த்து... கழுத்தை நெரிச்சாங்கன்னு வசனமும் வச்சு. உடனே ரெடி! எப்படி சார்?"

இயக்குநரின் கைக்குட்டை கீழே விழுந்தது.

மறு விநாடி மேஜை மேலிருந்த வெண்கலக் கேடயம் அவர் கையில் இருந்தது!

முதல் அடி ஏட்டின் மண்டையில். அவர் சுருண்டார். இரண்டாவது அடி இன்ஸ்பெக்டரின் தோளில்... எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது!

"ஒருத்தி! ஒரே ஒருத்தி!" இயக்குநர் கத்தினார். "இங்க முந்நூறு குடும்பம் மேடம்! ஓட்டெடுப்பு முடிஞ்சா எல்லாரும் தெருவுல! ஒரு உயிர் போச்சுன்னா நாடே எழுந்து நிக்கும்... பழி இவன் மேல விழும்... ரேடியோ பிழைக்கும்!"

"அவங்களும் உங்க ரேடியோதானே சார்!"

"அதனாலதான் அழுதேன்!"

கேடயம் அவள் தலைக்கு மேல் உயர்ந்தது.

டுமீல்!

முழங்கால் சிதறி இயக்குநர் தரையில் விழுந்தார். சுவரெல்லாம் ரத்தத் தெறிப்பு. சத்தத்தில் வாசல் கும்பல் கப்சிப் ஆனது.

இன்ஸ்பெக்டர் ஒரு கையாலேயே அவருக்கு விலங்கு மாட்டினாள். ஏட்டு தலையைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார். வரிப்புலி மேஜைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"எ... எப்படி கண்டுபிடிச்சீங்கம்மா?"

"பல்பு மாத்த மாசக்கணக்காகிற இடம் சார் இது. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு வேலையைத்தான் நேரத்துக்கு முடிச்சாங்க. அதுலயே மாட்டிக்கிட்டாங்க."

இயக்குநர் அவள் காலைப் பற்றினார். உதடுகள் வெளுத்திருந்தன.

"ஆம்புலன்ஸ்... சீக்கிரம்..."

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உறையில் செருகினாள்.

"சொல்லியாச்சு சார். அதுவும் வரிப்பணத்துல ஓடுற வண்டிதான்... கோப்பு மேல போய்க் கீழ வரட்டும்!"