சூரியனுக்கு முந்திய மூன்று நாள்

“கடவுள் சூரியனை நாலாம் நாள்தான் படைச்சாருன்னா, அதுக்கு முன்னாடி மூணு நாளை எப்படி டீச்சர் எண்ணுனாங்க?”

தேவாலயத்தின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எட்டு வயது ஆரோக்கிய அனிதா கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பதில் தெரியாத டீச்சர் சகாய பிரியா, வேதத்தில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அவளை வெளியே நிற்க வைத்தாள். அதன்பிறகு அனிதா வரவேயில்லை. அவள் முதன்முதலாக நற்கருணை வாங்க வேண்டிய புதுநன்மை நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது...

திங்கட்கிழமை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், பைபிளில் உலகப் படைப்பைச் சொல்லும் தொடக்க நூலின் முதல் பக்கத்தை விரித்து வைத்திருந்தாள் பிரியா. வெளியே நல்ல மழை. முன் சீட்டு இளைஞன் ஷட்டரைத் தூக்கினான். சாரல் முழுவதும் அவள் விரித்திருந்த பக்கத்தின் மேல் விழுந்தது.

“ஏங்க, பைபிள் நனையுது.”

பதறித் திரும்பியவன் கைக்குட்டையை நீட்டினான். மழை கழுவிய கருங்கல் போல மின்னும் கண்கள்... அவை பக்கத்தைப் பார்த்ததும் சிரித்தன.

“சிரிக்க என்ன இருக்கு?”

“இந்தப் பக்கத்துக்காகத்தாங்க சின்ன வயசுல என்னைய வெளிய நிக்க வெச்சாங்க.”

அவள் முகம் சுட்டது. “எடக்கா ஏதாச்சும் கேட்டிருப்பீங்க.”

“அப்பாவுக்கு நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துல வேல. அங்க வெட்டுற கரி ஆறு நாள்ல எப்படி ஆச்சுன்னு கேட்டேன். அப்பறம் நான் போகல... என்னைத் தேடியும் யாரும் வரல.”

அவன் பெயர் டோனி. சிதம்பரத்தில் நிலவியல் கற்பிக்கிறவன். ‘நானும் அதையேதான் செய்தேன்’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கௌரவம்... இறங்கும்போது கைக்குட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று மாலை அடுத்த அதிகாரத்தையும் படித்தாள். முதலில் விலங்குகள், கடைசியில் மனிதன் என்றது ஒன்று. முதலில் மனிதன், பிறகு விலங்குகள் என்றது மற்றொன்று. இரண்டையும் அழிக்காமல் அருகருகே வைத்தவர்கள் கால அட்டவணையா எழுதினார்கள்? பங்குத்தந்தை சார்லஸிடம் ஓடினாள். இது எந்த வகை எழுத்து என்றுதான் திருச்சபை முதலில் கேட்கச் சொல்கிறது என்றார் அவர். யார் படைத்தார், எதற்காக என்று அது பாடுகிறது. எத்தனை காலம் என்பதை மண்ணைத் தோண்டுகிறவர்கள் சொல்லட்டும் என்றார்.

பிரியா நேரே அனிதாவின் வீட்டுக்குப் போனாள். தனக்குத் தெரியாததால்தான் திட்டியதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். டீச்சருக்கே தெரியாதா என்று அனிதாவுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த திங்கள் அதே பஸ்ஸில் டோனியிடம் நடந்ததைச் சொல்லி, வகுப்புக்கு வரச் சொன்னாள். ஞாயிறன்று அவன் ஒரு துண்டு நிலக்கரியோடு வந்தான். அது மரமாக இருந்து கரியாக மாறிய கோடிக்கணக்கான வருடங்களைச் சொன்னான்.

“அப்ப கடவுள் அவசரமே படலையா?” என்றாள் அனிதா.

“இல்ல பாப்பா. நிதானமாத்தான் செஞ்சிருக்காரு.”

மணி அடித்தது. பிள்ளைகள் மழையில் ஓடிப்போனார்கள். ஆளில்லாத வகுப்பறையில் பிரியா அவன் முன்னால் வந்து நின்றாள்.

“அன்னிக்கு உங்களத் தேடி யாரும் வரலன்னு சொன்னீங்கல்ல... அந்த டீச்சருக்காக நான் கேக்குறேன். மன்னிச்சிடுங்க.”

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

“நம்ம ரெண்டு பேரப் பத்தி இன்னும் ஒரு கேள்வி இருக்கு பிரியா. கேட்டா வெளிய அனுப்ப மாட்டீங்களே?”

அவள் தலை குனிந்தாள். “கேளுங்க... அதுக்குப் பதில் எனக்குத் தெரியும்.”